எங்கள் வீட்டு ராத்திரிப் பள்ளிக்கூடம்

2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது எங்கள் வீட்டில் ஒன்று திறந்தோம். மாணவர்கள் இரண்டே பேர். ஹெட்மாஸ்டர் என் மனைவி. கணக்கு, சயின்ஸ் எல்லாம் அவள் பொறுப்பு. "சரித்திரத்தை நீங்க பாத்துக்குங்க" என்று என் தலையில் கட்டிவிட்டாள். பாவம், அதில் நான் வாங்கிய மார்க் அவளுக்குத் தெரியாது!

பரணிலிருந்து 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் இறக்கினேன். 1950-ல் 'கல்கி' பத்திரிகையில் ஆரம்பித்து மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த தொடர்கதை. தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அத்தியாயம் உரக்கப் படிப்பேன்.

வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும்போது பையன் கொட்டாவி விட்டான். ஆழ்வார்க்கடியான் சண்டை பிடிக்க ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரே வாரத்தில், "இன்னும் ஒண்ணே ஒண்ணுப்பா!" என்று கெஞ்சல். ஹெட்மாஸ்டருக்குப் பயந்து நான்தான் விளக்கை அணைப்பேன்.

ஒரு ராத்திரி ஆதித்த கரிகாலன் செத்துப் போனான். யார் கொன்றது என்பதில் கல்கி கடைசி வரை பிடி கொடுக்கவில்லை.

"நிஜத்துல யாருப்பா கொன்னது? நந்தினியா?" என்றாள் பெண்.

திருதிருவென்று விழித்தேன். மறுநாள் ஆபீஸ் வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகங்களைப் புரட்டினேன். நந்தினி முழுக்கக் கற்பனை. ஆனால் ரவிதாஸன் நிஜம்! காட்டுமன்னார்கோயிலில், அதே வீராணம் ஏரிக்குப் பக்கத்தில், உடையார்குடி கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் பெயர்கள். அவர்கள் நிலத்தோடு சொந்தக்காரர்கள் நிலத்தையும் பறிமுதல் செய்து விற்ற கணக்கு.

ஏன் கொன்றார்கள் என்று மட்டும் கல் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் கல்கி பேனாவை வைத்தார் என்று ராத்திரி விளக்கினேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சொந்தக்காரங்க என்னப்பா தப்பு பண்ணாங்க? அவங்க வீட்ல என்னை மாதிரி குழந்தைங்க இருந்திருக்குமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வருஷம் தப்பாமல் ஒப்பித்துப் பரீட்சை எழுதிய காலத்தில் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை ஸார்.

சமையலறையிலிருந்து ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தாள். "அவ பாஸ். நீங்க ஃபெயில்!"

சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.