ஒரே விரல், இரண்டு விலை

ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 விழுக்காடு. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7. கட்டைவிரலுக்கு 30. ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40.

கறிக்கடைப் பலகையில் எழுதிப் போட்டது போல இருக்கும் இந்தப் பட்டியல், 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் இத்தனை விழுக்காடு போய்விட்டது என்று அரசு போட்ட கணக்கு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போனது. பெயர் மாறியது. கணக்குப் போடும் முறை மாறவில்லை.

நான் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் இழப்பீட்டு மனு எழுதித் தருகிறவன். கணக்கு எளிதுதான். மாதக் கூலியில் 60 விழுக்காட்டை எடுக்க வேண்டும். வயதுக்கு ஒரு காரணி எண் உண்டு, அதால் பெருக்க வேண்டும். வருகிற தொகையில் போன உறுப்புக்குரிய விழுக்காடுதான் இழப்பீடு. 25 வயதுக்குக் காரணி 216.91. இப்போது 25 வயதில் இரண்டு பேர், இருவருக்கும் ஆள்காட்டி விரல் போயிற்று என்று வையுங்கள். மாதம் 15,000 வாங்குகிறவருக்கு 2,73,306 ரூபாய். 8,000 வாங்குகிறவருக்கு 1,45,763 ரூபாய். எந்திரம் இருவர் விரலையும் ஒரே மாதிரிதான் நசுக்கியது. சட்டம்தான் இரண்டு விலை போட்டது.

யாருக்கு 8,000, யாருக்கு 15,000? இந்த நாட்டில் அந்தக் கேள்விக்குச் சாதியைத் தொடாமல் பதில் சொல்ல முடியுமா? சாக்கடை அள்ளுகிறவர், தோல் பதனிடுகிறவர், செங்கல் சுமக்கிறவர், பட்டறையில் உதவியாள் என்ற பெயரில் பத்து ஆண்டு நிற்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நமக்குத் தெரியும். பரம்பரையாகக் குறைத்துக் கொடுத்த கூலியை அப்படியே எடுத்து, அதன் மேல் இழப்பீட்டைக் கட்டுகிறது சட்டம். உயிரோடு முழு உடம்போடு இருந்தபோது செய்த வஞ்சனையை, உறுப்பு போன பிறகும் தொடர்கிறது.

விழுக்காட்டிலும் இதே கதைதான். கணக்கர் ஒருவருக்குச் சுண்டு விரல் போனால் அடுத்த மாதம் அதே நாற்காலியில் உட்காரலாம். பவர் பிரஸ்ஸில் நிற்கிறவருக்கு இரண்டு விரல் போனால் எந்தப் பட்டறை வேலை தரும்? படிக்க விடாமல் வைக்கப்பட்டவரின் ஒரே முதல் கைதான். தச்சர் ஒருவரின் இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இது முழு இழப்பு என்பதை உச்ச நீதிமன்றம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. இன்றும் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அட்டவணையைத்தான் நீட்டுகிறார். மருத்துவர் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிறார். அந்த ஆள் நாளை எதைச் செய்து சாப்பிடுவார் என்று அளக்க அங்கே ஒருவரும் இல்லை.

'குடித்திருந்தான்'

விபத்து நடந்த மறு நிமிடம் முதலாளி தரப்பிலிருந்து வரும் முதல் சொல் இதுதான். நான் எழுதிய மனுக்களுக்கு வந்த எதிர்மனுக்களில் இந்தச் சொல்லை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. காலனியிலிருந்து வந்தவர் என்றாலே குடிகாரர் என்று ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த முடிவைத்தான் வழக்கறிஞர் மொழிக்கு மாற்றித் தாக்கல் செய்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? போதையில் இருந்தார் என்றால் மட்டும் போதாது, விபத்துக்கு நேரடிக் காரணமே அந்தப் போதைதான் என்று காட்ட வேண்டும். இறப்பு, நிரந்தர முழு ஊனம் இரண்டிலும் இந்த வாதமே எடுபடாது. எந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்ற பழிக்கும் இதே நிபந்தனைதான். உற்பத்தி வேகத்துக்காகத் தடுப்பைக் கழற்றச் சொன்னது மேஸ்திரி. பழி கை போனவர் மேல்.

வெள்ளைத் தாள்

என் சித்தப்பா மகனுக்கு 25 வயதில் ஒரு பிரஸ் பட்டறையில் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஏழு பேர் வேலை செய்த இடம், அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. கூலி 12,000. மூன்றாம் நாள் மேலாளர் 40,000 ரூபாயும் ஒரு வெள்ளைத் தாளும் கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவர். "ஏண்டா, கேஸு கீஸுன்னு போனா இந்தப் பக்கம் எவன்டா உனக்கு வேலை தருவான்?" என்றார் பெரியவர். சித்தி அழுதுகொண்டே, "சாமி, கை போச்சே" என்றார். கையெழுத்துப் போட முடியாத கையின் பெருவிரலைத் தாளில் உருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20 விழுக்காடு. அவனுக்குச் சட்டப்படி சேர வேண்டியது 3,12,350 ரூபாய். அந்தத் தாள் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. தொகையில் உடன்பாடு என்றால் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று பட்டால் அவர் மறுக்கலாம். ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 விழுக்காடு வரை அபராதம். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. 2017இல் வந்த திருத்தம், வேலைக்குச் சேரும்போதே தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இந்த உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்படி எழுதி வாங்கிய ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

மூன்று மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. என் தம்பியின் வழக்கு மூன்றரை ஆண்டு நடந்தது. இடையில் அவன் எங்களிடம் வேலையே செய்யவில்லை என்றுகூட வாதாடினார்கள். வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. பதிவேடு வைக்காத குற்றம் முதலாளியுடையது, அதற்கான தண்டனை தொழிலாளிக்கு.

செத்தால் செய்தி, பிழைத்தால்?

மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் இறக்குகிறார்கள். தமிழ்நாட்டில் இறங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர்களும் பிற தலித்துகளும். மலக்குழிச் சாவுகளின் கணக்கில் சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் நம் மாநிலம் முன்வரிசையில் நிற்கிறது.

2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு சாவுக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. பலரும் கவனிக்காத இன்னொரு பகுதி அந்தத் தீர்ப்பில் உண்டு. உயிர் பிழைத்து நிரந்தர ஊனமானால் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். விஷவாயு தாக்கி நுரையீரல் கெட்டவர், கண்ணாடி கிழித்துக் கால் போனவர் எல்லாம் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காக யார் மனு போட்டோம்?

அந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய உண்மையும் ஒளிந்திருக்கிறது. நீதிமன்றம் அவர்களின் கூலி என்ன என்று கேட்கவில்லை. வயதுக் காரணியால் பெருக்கவில்லை. உடம்புக்கு ஒரு அடித்தொகையைச் சொன்னது. ஆக, கூலியைக் கேட்காமல் இழப்பீடு தர முடியும். மலக்குழிக்கு முடியும் என்றால் பட்டாசு ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் கல் குவாரிக்கும் ஏன் முடியாது?

அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோதுதான், 1944இல், உடல்நலக் காப்பீட்டுக்கான அடார்க்கர் அறிக்கை வந்தது. 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம் அதன் வழியில் பிறந்தது. வேலை செய்ய முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய 90 விழுக்காடு கூலி கிடைக்கும். அதற்கு வெளியே நிற்கிறவருக்குப் பாதிக் கூலி. வெளியே யார் நிற்கிறார்கள்? ஒப்பந்தக்காரரின் கீழ் நிற்கும் நம் ஆட்கள். முதன்மை முதலாளியும் பொறுப்பு என்று சட்டம் சொன்னாலும், விபத்துக்குப் பிறகு ஒப்பந்தக்காரரின் போன் அணைந்துவிடுகிறது.

எனவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. கூலி எதுவானாலும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே அடித்தொகை வேண்டும். அதற்கு மேல் கூலிக்கணக்கு இருக்கட்டும். விழுக்காட்டை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யாமல், செய்த வேலையையும் படிப்பையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வேலையிடத்தில் அடிபட்டவர் அங்கே வேலை செய்தவர்தான் என்று சட்டம் முதலில் ஏற்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு.

இளம் தோழர்களே, இதற்குச் சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாவு நடந்தால் பிணவறை வாசலில் நிற்க நமக்குத் தெரியும். எலும்பு முறிவு வார்டுக்கும் போகப் பழகுவோம். முதல் மூன்று நாள்தான் முக்கியம். அனுமதிச் சீட்டில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுத விடாதீர்கள், எந்த வேலையில் எங்கே அடிபட்டது என்று எழுத வையுங்கள். எந்திரத்தைப் படம் எடுங்கள். உடன் வேலை செய்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலி வந்த வங்கிக் கணக்கையோ ஜிபே பதிவையோ பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டுக்குள் மனு போக வேண்டும்.

மேலாளர் வெள்ளைத் தாளோடு வருவார். அவர் வருவதற்கு முன் நம்மில் ஒருவர் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருக்க வேண்டும்.