மேடைக்கு வேண்டும் நடுநிலைத் திறனாய்வு

விருதுநகர் மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் கோயில் திருவிழாவென்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடைபெறுகிறது. மறுநாள் நாளேட்டில் கூட்டம் கூடியது என்று ஒருவரி வந்தால் அதுவே மிகுதி. பாட்டு காட்சியோடு பொருந்தியதா, உரையாடலில் தமிழ் தமிழாக இருந்ததா என ஆராய்ந்து எழுதுவார் அரியர்.

இதனால் வரும் இழப்பு சிறிதன்று. சிவகாசி ஈன்ற விசுவநாததாசு (1886–1940) மேடையிலே விடுதலைப் பாடல் பாடிச் சிறை புகுந்தவர். சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தவர். அவருடைய ஈகத்தைப் பலர் அறிவர். அவர் நடிப்பின் நுட்பத்தை அறிந்தோர் எத்தனை பேர்? எழுதி வையாத நடிப்புக்கலை கண்டவர் கண்ணோடு மறைந்துபோகும்.

திறனாய்வாளன் எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு, மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்த பரிதிமாற் கலைஞரின் வாழ்வே சான்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியராகிய அவர், பூரணலிங்கனாரோடு 'ஞானபோதினி' திங்களிதழில் உழைத்தார். கற்றோர் பலர் நாடகத்தை இழிவாக எண்ணிய காலத்தில், வடமொழி, ஆங்கில நாடக மரபுகளையும் ஆராய்ந்து, 1897-இல் 'நாடகவியல்' என்னும் இலக்கணம் கண்டார். பிறரை அளக்க மட்டுமா அந்த அளவுகோல்? இல்லை. 'உரூபாவதி', 'கலாவதி', 'மானவிசயம்' என நாடகங்களைத் தாமே இயற்றித் தம்மையும் அளக்கக் கொடுத்தார்.

'தனிப்பாசுரத் தொகை'யை வெளியிட்டபோது, சூரியநாராயண சாத்திரி என்னும் இயற்பெயரை மறைத்து, அதனையே தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் எனப் புனைந்துகொண்டார். ஆசிரியர் பெயரை நோக்காது பாடலை நோக்கிக் குணமும் குற்றமும் கூறவேண்டும் என்பதே அவர் கருத்து. நாம் போற்றும் அத்தூய தமிழ்ப்பெயர், நடுநிலைத் திறனாய்வை நாடிப் பிறந்த பெயராகும்! 1903-இல் தம் 33-ஆம் அகவையில் அவர் மறைந்தார், வழி மறையவில்லை.

திறனாய்வு புகழ்மாலையன்று, வசைமாரியுமன்று. நண்பன் நாடகமாயினும் குறையைச் சுட்டுவதும், பகைவன் நாடகமாயினும் நிறையைப் போற்றுவதுமே அதன் அறம். திரைப்படத்திற்குப் பக்கம் பக்கமாக இடந்தரும் ஏடுகள் ஊர் மேடைக்கு ஒரு பத்தி தரலாகாதா? தமிழாசிரியர்களே, மாணவர்களே! விடியும்வரை அமர்ந்து காணுங்கள், கண்டதை எழுதுங்கள், இயன்றால் நல்ல தமிழில் நாடகமும் இயற்றுங்கள். நாடெங்கும் தொங்கும் நாட்காட்டிகளை அச்சிட்டனுப்பும் சிவகாசி, தன் மேடைக்கென ஓர் ஏடு அச்சிட இயலாததன்று. எழுதும் கைகளே வேண்டும்!