தடதட சத்தம் இல்லைன்னா வண்டியே இல்லையா?

போன தடவை பங்குச்சந்தை பத்தி எழுதினதுக்கு "தூக்கம் வருதுடா"ன்னு நாலு பேர் சொல்லிட்டாங்க. அதனால இந்த முறை வண்டி மேட்டர். ஆனா எழுதுறவன் பி.காம் பையன். நடுவுல கொஞ்சம் ஜிஎஸ்டி வரத்தான் செய்யும். பொறுத்துக்கோங்க :-)

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 தெரியாதவங்க ரொம்பக் கம்மி. தண்டர்பேர்டை நிறுத்திட்டு 2020 நவம்பர்ல கொண்டு வந்த க்ரூஸர். 2025 செப்டம்பர்ல ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச், புது கலர் எல்லாம் போட்டு மறுபடியும் விட்டாங்க. அதே மாசம் வரியும் குறைஞ்சது. இப்போ திருவண்ணாமலையில எந்த டீக்கடைக்குப் போனாலும் இந்த வண்டி பத்தி ஒரு பட்டிமன்றம் ஓடிட்டு இருக்கு. நானும் ஓட்டிப் பார்த்தேன், ஓட்டுறவங்க கிட்ட வாயைக் கிளறியும் பார்த்தேன். எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கினா அஞ்சு கருத்துதான் தேறுது.

1. "உட்கார சுகமா இருக்கு." இதுல சண்டையே இல்லை. சீட் உயரம் 765 மி.மீ. தான். குள்ளமானவங்களுக்கும் ரெண்டு காலும் தரையில ஊனும். கால் வைக்கிற இடம் கொஞ்சம் முன்னாடி இருக்கு, முதுகு நேரா நிக்குது. ஜவ்வாது மலைக்குப் போயிட்டு வந்தவங்க கூட இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இறங்கலை.

2. "கனம் ஜாஸ்தி." உண்மைதான். 191 கிலோ. தேரடி வீதி கூட்டத்துல யூ டர்ன் அடிச்சுப் பாருங்க, ஜிம்முக்குத் தனியா காசு கட்ட வேண்டாம்.

3. "இழுவை பத்தாது." 20.2 குதிரைத்திறன். 100-ஐத் தாண்டினா மூச்சு வாங்குதாம். ஐயா, இது க்ரூஸர். சாவகாசமா போறதுக்குன்னே செஞ்ச வண்டி. மாட்டு வண்டியைப் பார்த்து ஏன் ரயில் மாதிரி போகலைன்னு கேட்டா எப்படி?

4. "பின்னாடி உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடுது." இது நியாயமான புகார். ஆனா இதைச் சொன்னவங்க எல்லாருமே பின்னாடி உட்கார்ந்து போறவங்கதான். ஓட்டுறவர் ஒருத்தர் கூட சொல்லலை. கவனிக்க.

5. "சத்தமே இல்லை மச்சி. தடதடன்னு வரலை. இதெல்லாம் ஒரு புல்லட்டா?"

அஞ்சாவதுக்காகத்தான் இந்தப் பதிவே. அதிகமா காதுல விழுறதும் இதுதான், அதிகமா கெடுதல் பண்றதும் இதுதான். மத்த நாலும் வாயோட போயிடும். இது மட்டும் நேரா சைலன்சர் கடை வரைக்கும் போகுது.

முதல்ல அந்தத் தடதட எங்க இருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுல ஒரே ஒரு சிலிண்டர். அகலம் 70 மி.மீ., பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம் 90 மி.மீ. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். நிமிஷத்துக்கு 900 சுத்துல நின்னு ஓடினா விநாடிக்கு ஏழரை வெடி. அதை நம்ம காதால தனித்தனியா பிரிச்சுக் கேட்க முடியும். அதுதான் தடதட. அதே வண்டி 3000 சுத்து ஓடினா விநாடிக்கு 25 வெடி, எல்லாம் ஒண்ணா சேர்ந்து உறுமலா ஆயிடும். அவ்வளவுதான் ரகசியம். இதுல ஆன்மாவும் இல்லை, பரம்பரை வீரமும் இல்லை. 1940கள்ல அந்த இன்ஜினை வடிவமைச்சவங்க நம்மைப் புல்லரிக்க வைக்கணும்னு உட்கார்ந்து யோசிக்கலை. கரடுமுரடான ரோட்டுல மெதுவா, திணறாம இழுக்கணும்னு யோசிச்சாங்க. சத்தம் அதோட இலவச இணைப்பு.

மீட்டியோர்ல என்ன ஆச்சு? சிலிண்டர் அகலம் 72, தூரம் 85.8. இன்னமும் நீள ஸ்ட்ரோக் இன்ஜின்தான். உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் போட்டிருக்காங்க, அது அதிர்வைத் தின்னுடுது. பழைய வண்டியில 80-ல போனா கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியும், கை மரத்துப் போகும். அது இப்போ இல்லை. பிஎஸ்6-க்காகப் போட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகையையும் சுத்தம் பண்ணுது, கூடவே கொஞ்சம் சத்தத்தையும் விழுங்குது. சுருக்கமா சொன்னா, இத்தனை வருஷமா "கை வலிக்குது, நட்டு கழண்டு விழுது, ஆயில் ஒழுகுது"ன்னு நாம திட்டினதை எல்லாம் சரி பண்ணிக் கொடுத்திருக்காங்க. அதையே இப்போ குறையா சொல்றோம்!

இன்னொரு வேடிக்கை. "பழைய சத்தம் போச்சு" என்கிற ஒப்பாரியே ரொம்பப் பழசு. 2002-ல ஏவிஎல் இன்ஜினோட தண்டர்பேர்டு வந்தப்போ காஸ்ட் அயர்ன் ஆளுங்க அழுதாங்க. 2009-ல யூசிஇ இன்ஜினோட கிளாசிக் வந்தப்போ மறுபடி அழுதாங்க. இப்போ மீட்டியோருக்கு அழறவங்க எந்தச் சத்தத்தை நினைச்சு அழறாங்க தெரியுமா? அதே யூசிஇ சத்தத்தை! அப்பாவுக்குப் பிடிக்காத சத்தம் பையனுக்குப் பொற்காலம். இன்னும் பத்து வருஷத்துல எலக்ட்ரிக் வண்டி ஊரெல்லாம் ஓடும்போது, "மீட்டியோர் சத்தம் மாதிரி வருமா"ன்னு இதே டீக்கடையில உட்கார்ந்து புலம்புவாங்க. எழுதி வெச்சுக்கோங்க.

சத்தத்துக்கு வியாபார மதிப்பு இருக்குன்னு எனக்கும் தெரியும். ஹார்லி டேவிட்சன் 1994-ல தன் இன்ஜின் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு அமெரிக்காவுல விண்ணப்பம் போட்டாங்க. போட்டி கம்பெனிகள் எல்லாம் எதிர்த்து நின்னாங்க. வருஷக்கணக்கா இழுத்து 2000-ல ஹார்லியே வாபஸ் வாங்கிட்டாங்க. கம்பெனிக்கு அது மார்க்கெட்டிங். உனக்கு எனக்கு என்ன லாபம்?

கணக்கு போடுவோமா? 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சது. வரிக்கு முந்தின விலை 1,50,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். முன்னாடி 1,92,000. இப்போ 1,77,000. கையில 15,000 மிச்சம். வீட்டுல கடன் வாங்கி வண்டி எடுத்துக் கொடுக்கிறாங்க, தவணையில அது பெரிய தொகை. நம்ம ஆள் என்ன பண்றான்? முதல் சர்வீஸுக்கு முன்னாடியே கம்பெனி சைலன்சரைக் கழட்டி சாக்குல கட்டி பரண்ல போடுறான். மிச்சமான காசை வெளிக்கடை சைலன்சர்ல கொட்டுறான். நாளைக்கு இன்ஜின்ல ஏதாவது கோளாறுன்னா வாரண்டிக்கு வம்பு.

வம்பு அதோட நிக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. மாத்தினா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ. ஒலி, புகை விதியை மீறினா 190-வது பிரிவுல 10,000 வரைக்கும் போகலாம், லைசென்ஸை மூணு மாசம் முடக்கலாம். மிச்சம் பிடிச்ச 15,000-ஐ இதோட கூட்டிக் கழிச்சுப் பாருங்க. இதை முதலீடுன்னு எந்தப் பேரேட்டுல எழுதுறது?

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்.

"சத்தம் இருந்தா மத்தவங்க ஒதுங்குவாங்க, பாதுகாப்பு." சைலன்சர் வாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு? பின்னாடி. ஆபத்து பெரும்பாலும் எந்தப் பக்கம்? முன்னாடி, குறுக்கே. கண்ணாடி ஏத்தின காருக்குள்ள பாட்டு போட்டுட்டு வர்றவருக்கு உங்க தடதட கேட்கவே கேட்காது. அவர் கண்ணுல படத்தான் 2017 ஏப்ரல்ல இருந்து புது வண்டி எல்லாத்துலயும் பகல்லயும் ஹெட்லைட் எரியுது. ஹாரன்னு ஒண்ணும் இருக்கு, தேவைப்படும்போது மட்டும் கத்தும்.

"என் காசு, என் வண்டி, என் இஷ்டம்." எகனாமிக்ஸ் வகுப்புல தூங்கினவங்களுக்காக: புறவிளைவுன்னு ஒண்ணு இருக்கு. ஆர்தர் பிகூ 1920-லயே இதை விளக்கமா எழுதி வெச்சார். பொருளை நான் அனுபவிப்பேன், அதோட செலவுல ஒரு பங்கை சம்பந்தமே இல்லாத மூணாவது மனுஷன் சுமப்பான். ஆலைப் புகைக்குச் சொல்ற அதே கதைதான் சைலன்சருக்கும். வண்டி உன்னுது. காது உன்னுது இல்லை.

"கோயில் மைக்செட், வெடி எல்லாம் இல்லையா? அதைக் கேட்க மாட்டியா?" நல்ல கேள்வி. கேட்கலாம், கேட்கணும். குடியிருப்புப் பகுதியில ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் 45 டெசிபெல்தான் வரம்பு. 2000-ல வந்த ஒலி மாசு விதி அது, எல்லாருக்கும் பொது. ஆனா ஒருத்தன் தப்பு பண்றான்னு நான் பண்றது சரியாகாது. திருவிழா வருஷத்துல சில நாள், வர்ற தேதி ஊருக்கே தெரியும். உங்க சைலன்சர் வருஷம் 365 நாளும் சொல்லாம கொள்ளாம வரும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பெங்களூருல இருந்து பாண்டிச்சேரி போற ரைடர் கூட்டம் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியா வந்து செஞ்சி, திண்டிவனம்னு போறது சனி ஞாயிறுல சகஜம். ஊருக்குள்ள நுழையறது செங்கம் ரோட்டுல. கிரிவலம் போறவங்களும் அக்னி லிங்கம், ரமணாசிரமம் தாண்டி கொஞ்ச தூரம் அதே செங்கம் ரோட்டுலதான் நடந்துட்டு, அப்புறம்தான் வலது பக்கம் திரும்புவாங்க. 14 கிலோமீட்டர். பாதிப் பேர் காலுல செருப்பு இல்லை. வயசானவங்க, குழந்தையைத் தோள்ல போட்டுட்டு வர்றவங்க. பௌர்ணமி அன்னைக்கு போலீஸ் வண்டியை நிறுத்திடுவாங்க. மத்த நாள் நடக்கிறவங்களுக்கு யார் இருக்கா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்த ரோட்டுல ஒரு பாட்டிம்மா முதுகுக்குப் பின்னாடி ஒரு கூட்டம் முறுக்கிட்டுப் போச்சு. அந்தம்மா பயந்து, ஓரத்துல போகாம ரோட்டு நடுவுல ஓடினாங்க. ஒண்ணும் ஆகலை, பக்கத்துல நடந்தவங்க இழுத்துட்டாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தன் கூட திரும்பிப் பார்க்கலை. வெளியூர்க்காரங்களை மட்டும் சொல்லலை. நம்ம காலேஜ் பசங்க, என் பெஞ்சுல உட்கார்றவன் உட்பட, இதையே தெருவுல பண்றான். "ஏன்டா?"ன்னா "கெத்துடா மாப்ள"ங்கிறான். பின்னாடி இருந்து ஒரு கிழவியைப் பயமுறுத்துறது கெத்துன்னா, அந்தக் கெத்து தெருநாய்க்கும் இருக்கு.

பழைய புல்லட் வெச்சிருக்கிற பெரியவங்களை நான் சொல்லலை. கம்பெனி சைலன்சரோட, ஆடாம அசையாம, ஒரு நிதானத்தோட வர்ற அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். அது வண்டியோட சொந்தக் குரல். நீங்க காசு கொடுத்து மாட்டுறது மைக்செட்.

அதனால புதுசா க்ரூஸர் வாங்கப் போற மகாஜனங்களே, ஓட்டிப் பார்க்கும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்க. கனம் தாங்குமா, தவணை கட்ட முடியுமா, பக்கத்துல சர்வீஸ் இருக்கா, பின்னாடி அம்மாவை உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போக முடியுமா. சத்தம் பத்தலைன்னு தோணுச்சுன்னா வாங்காதீங்க, பழைய புல்லட் ஒண்ணு பார்த்து வாங்கி அதைப் பழுது பார்த்தே பொழுதைப் போக்குங்க. வாங்கினவங்க சைலன்சரைத் தொடாதீங்க. பரண்ல ஏற்கெனவே கட்டிப் போட்டிருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை இறக்கி மாட்டிடுங்க. கூலி சில நூறு ரூபாய்தான் ஆகும்.

டிஸ்கி: என் பெஞ்சுக்காரன் இதைப் படிப்பான்னு தெரியும். மாப்ள, ஸ்பேனர் எங்க வீட்டுல இருக்கு. வா, நானே மாட்டித் தர்றேன். டீ மட்டும் உன் செலவு :-)