கூட்டாளிகளா குற்றவாளிகள்?

திருகோணமலைப் பெடியளைக் கெடுப்பது கூட்டாளிகளும் கைப்பேசியும்தானாம். வீடு, ரியூசன் என்று அடக்கினால் திருந்திவிடுவார்களாம். கைப்பேசி நித்திரையைக் கெடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பிழை.

2006 ஜனவரி 2இல் இந்த நகரின் கடற்கரையில் கூடியிருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். சந்தேகநபர்கள் 13 பேரையும் சாட்சியம் போதாதென்று 2019இல் நீதிமன்றம் விடுவித்தது. அன்று பதின்வயதில் அந்தக் கொலைகளைப் பார்த்தவர்கள் இன்று பெற்றோர். 'வெளியே போகாதே' என்ற அவர்களின் அதட்டலில் ஒழுக்கத்தைவிடப் பயமே அதிகம். அந்தப் பயத்தைப் பிள்ளை தலையில் இறக்கிவிட்டு, அதை வளர்ப்பு என்கிறோம்.

பிள்ளையைத் தேற்றுவது அடக்குவதல்ல, உறவு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை உளவியலாளர் எமி வேர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ்ந்தவர்களிலும் மூன்றிலொரு பங்கினர் நன்றாகத் தேறினர். அவர்களுக்குப் பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, நம்பி ஒட்டிக்கொள்ள ஒருவர் இருந்தார்.

நட்பு, சண்டை, சமாதானம் எல்லாம் பழகித்தான் வரும். பூட்டிய அறையில் யாரோடு பழகுவது? கூட்டாளியை விரட்டும் முன், பிள்ளை உங்களிடம் மனம் விட்டுக் கதைத்துக் கனகாலம் ஆகவில்லையா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.