பைக்குக்கு டோல் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்



பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மதுரைக்கும் தேனிக்கும் பஸ் பிடிக்கத் திருப்பூர் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது உங்கள் கையில் கிடைக்கட்டும் என்றுதான் இதை அச்சடித்திருக்கிறோம். துண்டறிக்கைக்கு இது நீளம்தான். நின்று படிக்க முடியாதவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து படியுங்கள். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வேலம்பட்டி வரும். தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாக ஒருமுறை பாருங்கள்.

அங்கே சுங்கச்சாவடி எழும்பி நிற்கிறது. அது வசூலைத் தொடங்குவதற்குள் நாம் தொடங்கியாக வேண்டும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்துவது எவ்வளவு பாடு என்று திருமங்கலத்துக்காரர்களைக் கேளுங்கள். கப்பலூர் சாவடியை எடுக்கச் சொல்லி அவர்கள் மறியல் செய்தார்கள், ஊரையே அடைத்தார்கள். சாவடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இது ஏதோ புதிதாக வெட்டிய புறவழிச்சாலை இல்லை. நம் தாராபுரம் ரோடு. பருத்தி வண்டி வந்த ரோடு. அவிநாசியில் ஆரம்பித்துத் திருப்பூருக்கு நடுவே புகுந்து அவிநாசிபாளையம் வரைக்கும் சுமார் 32 கிலோமீட்டர். அகலப்படுத்தினார்கள், நடுவே கோடு போட்டார்கள், தேசிய நெடுஞ்சாலை 381 என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு பில்லும் போடப் பார்க்கிறார்கள். கோவைப் பக்கம் போனால் கணியூரில் கட்டுகிறோம். ஈரோட்டுப் பக்கம் போனால் விஜயமங்கலத்தில் கட்டுகிறோம். தெற்கே போகிற இந்த வழி ஒன்று மிச்சம் இருந்தது.

போன வாரம் டீக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பனியன் கம்பெனியில் பேட்லாக் தையல் மெஷின் அடிக்கிற தோழர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "டூவீலருக்கு டோல் இல்லீங்களே தோழர், நான் எக்ஸெல்லுல போறவன். எனக்கென்னங்க?"

இந்தத் துண்டறிக்கை முழுக்க அவருக்கான பதில்தான். அவர் சொன்னது விதிப்படி சரி. 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் இருசக்கர வண்டிக்கும், ஆட்டோவுக்கும், டிராக்டருக்கும் கட்டணம் கிடையாது. இருபது வருஷம் நானும் மெஷினில் உட்கார்ந்தவன், அப்புறம்தான் கடனில் ஒரு சின்ன யானை சரக்கு வண்டி எடுத்தேன். மெஷினில் இருந்த காலத்தில் நானும் இப்படித்தான் பேசியிருப்பேன்.

அவர் தைக்கிற அந்தத் துணி அவர் மெஷினுக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். நூல் மூட்டை நிட்டிங்குக்கு வருகிறது. அங்கே ரோலாகிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயம் ஏறிக் காம்பாக்டிங். அங்கிருந்து கட்டிங். வெட்டிய பீஸில் கொஞ்சம் பிரிண்டிங்குக்கு, கொஞ்சம் எம்பிராய்டரிக்கு. திரும்பி வந்து தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளை விடுங்கள். இந்த ஊர் ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊர். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் ஒரு சின்ன யானை ஓடுகிறது. ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன் ஆறேழு முறை வண்டியில் ஏறி இறங்குகிறது.

எல்லா வண்டியும் வேலம்பட்டியைத் தாண்டாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குள் வாடகையும் ஆளும் கட்டுப்படியாகாமல் கொடுவாய்ப் பக்கமும் தாராபுரம் பக்கமும் தள்ளிப் போன யூனிட்டுகள் எத்தனை? அங்கே போகிற பீஸ் பண்டல் தாண்டும். தைத்துத் திரும்பி வருவதும் தாண்டும். விடிகாலையில் குண்டடம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து நம் அக்கா தங்கச்சிகளை ஏற்றி வருகிற கம்பெனி வேன் தாண்டும், ராத்திரி இறக்கிவிடப் போகும்போது இன்னொரு முறை தாண்டும். தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு வருகிற தக்காளியும் சின்ன வெங்காயமும் தாண்டும். எக்ஸெல்லுக்கு டோல் இல்லை. எக்ஸெல்லில் தொங்குகிற காய்கறிப் பைக்கு உண்டு.

அதைக் கம்பெனிக்காரர் கட்டிக்கொள்வார் என்று யாராவது சொன்னால் அவருக்கு 1984 தெரியாது. பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்கிற ஒரே ஒரு நியாயத்தை வாங்குவதற்கு நான்கு மாதத்துக்கு மேல் அடுப்பு எரியாமல் கிடந்தோம். டோலும் விலை ஏற்றம்தான். அது முதலில் வண்டிக்காரன் வாடகையில் ஏறும். வாடகை ஜாப் ஒர்க் ரேட்டில் முட்டும். ஜாப் ஒர்க் ரேட்டைப் பையர் ஏற்ற மாட்டான். கடைசியில் எங்கே வந்து நிற்கும்? பீஸ் ரேட்டில், அல்லது கைமடிக்கிற ஹெல்பர் பிள்ளையின் சம்பளத்தில். ரசீதில் உங்கள் பெயர் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மைப் பிரிப்பதற்கான ஏற்பாடும் அந்தக் கட்டண விதியிலேயே இருக்கிறது. சாவடியில் இருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்து சொந்தக் கார் வைத்திருந்தால் மாதப் பாஸ். 2024-25-ல் அது 340 ரூபாய். மாவட்டத்துக்குள் பதிவான வாடகை வண்டிக்குப் பாதிக் கட்டணம். டூவீலருக்கு இலவசம். கார்க்காரர் பாஸ் எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பைக்குக்காரர் எனக்கென்ன என்பார். உள்ளூர் வண்டிக்காரர் பாதிதானே என்று மூச்சு விடுவார். கடைசியில் தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் மாவட்டத்து வண்டியில் முருங்கைக்காய் ஏற்றி வருகிறவன் மட்டும் தனியாக நின்று கத்துவான். தனியாகக் கத்துகிறவனைச் சமாளிக்க ரெண்டு போலீஸ் போதும்.

பாஸ் வேண்டும் என்று போய்க் கேட்காதீர்கள். பாஸ் வாங்கினால் சாவடியை ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம். 2024-25-ல் 340 என்பது 2007-08 கணக்கில் 150 ரூபாயாக இருந்தது. ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் 3 சதவீதம், அதற்குமேல் மொத்த விலைக் குறியீடு ஏறினதில் 40 சதவீதம் என்று தானாக ஏறும். போட்ட முதல் திரும்பி வந்துவிட்டால் கட்டணம் 40 சதவீதமாகக் குறையும் என்று முன்பு ஓர் ஆறுதல் இருந்தது. அதையும் 2023-ல் திருத்திவிட்டார்கள். ஃபாஸ்டாக் கட்டாயமான பிறகு கோபம் வருவதற்குக்கூட நேரம் இல்லை. பூத்தில் காசை எண்ணிக் கொடுத்த காலத்தில் ரெண்டு வார்த்தையாவது கேட்டுவிட்டு வந்தோம். இப்போது போனில் ஒரு மெசேஜ் வருகிறது, அதோடு சரி.

ரோடு போட்டதற்குக் காசு வேண்டாமா என்று கேட்பார்கள். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2024-ல் ஒரு லிட்டர் டீசலில் ஒன்றிய அரசின் கலால் மட்டும் 15 ரூபாய் 80 காசு இருந்தது. அதில் ரோட்டுக்கென்றே பெயர் போட்டு ஒரு செஸ்ஸும் அடக்கம்.

இனி விதிக்கு வருகிறேன். மேடையில் முழங்கினால் கைத்தட்டல் வரும், கோர்ட்டில் நிற்காது. அறுபது கிலோமீட்டருக்குள் இரண்டு சாவடி கூடாது என்று நம்மில் பலர் பேசிவருகிறோம். அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது ஒரே சாலையின் ஒரே பிரிவில் இருக்கிற இரண்டு சாவடிகளுக்கான விதி. கணியூரும் விஜயமங்கலமும் வேறு ரோட்டில் இருக்கின்றன என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். நமக்கு உதவுவது வேறு விதி: நகராட்சி, மாநகராட்சி எல்லையில் இருந்து 10 கிலோமீட்டர் தள்ளித்தான் சாவடி வைக்க வேண்டும். திருப்பூர் மாநகராட்சி எல்லை எங்கே முடிகிறது என்று வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அங்கே மீட்டரைப் பாருங்கள், சாவடியில் மறுபடி பாருங்கள். இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அதிலும் ஓட்டைகள் உண்டு. காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் பத்தைக் குறைக்கலாம், ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. அந்த நகரத்து மக்களின் உபயோகத்துக்காகவே போட்ட சாலை என்றால் எல்லைக்குப் பக்கத்திலேயே, ஏன் உள்ளேயேகூட வைக்கலாம். ஆகவே நம் கேள்வி ஒன்றுதான்: எழுதிய காரணத்தைக் காட்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். கிளைதோறும் மனு எழுதுங்கள். ஒரே மாதிரி அச்சடித்து ஐம்பது பேர் கையெழுத்துப் போட வேண்டாம். ஒவ்வொருவரும் தனித்தனியாக, சொந்தக் கையெழுத்தில். எத்தனை கோடி செலவு, எத்தனை வண்டி எண்ணினீர்கள், எந்த மாதம் எண்ணினீர்கள், எல்லையில் இருந்து எத்தனை தூரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு செய்தி.

டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கிற பறக்கும் சாலை 2001-ல் திறந்தது. போட்ட முதலுக்கு வருஷத்துக்கு 20 சதவீத லாபம் உறுதி, குறைந்தால் குறைந்ததை முதலோடு சேர்த்துக்கொள் என்று ஒப்பந்தம். கந்துவட்டிக்காரன் கணக்கு அது. கட்டக் கட்டக் கடன் ஏறிக்கொண்டே போனது. அங்கே குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016-ல் வசூலை நிறுத்தியது. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் வசூல் கூடாது என்று சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் மாடி வீட்டுக்காரர்கள்தான். அவர்களுக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லாமல் போகக் கூடாது.

இன்னொன்று போர்ச்சுகல். அந்த நாட்டுத் தெற்குக் கடற்கரையில், அல்கார்வ் என்கிற பகுதியில், ஏ22 என்று ஒரு விரைவுச்சாலை. பயன்படுத்துகிறவருக்குச் செலவில்லை என்று சொல்லித் தந்த சாலை அது. கடன் நெருக்கடி வந்தது, 2011 டிசம்பர் 8 முதல் கட்டணம் போட்டார்கள். இணையாக ஓடுகிற பழைய ரோடு இருக்கிறதே, அதில் போங்கள் என்றார்கள். ஊர்களுக்கு நடுவே நெளிந்து போகிற, விபத்துக்குப் பேர் போன ரோடு. அந்த மக்கள் பயனாளர் குழு அமைத்தார்கள். கார்களை வரிசையாக நத்தை வேகத்தில் ஓட்டி ஊர்வலம் போனார்கள். ஒருமுறை, இரண்டுமுறை இல்லை, வருஷக்கணக்கில். 2024 மே மாதம் அந்த நாட்டு நாடாளுமன்றம் கட்டணத்தை நீக்க வாக்களித்தது. 2025 ஜனவரி 1-ஆம் தேதி முதல் அங்கே டோல் இல்லை. பதின்மூன்று வருஷம் பிடித்தது. போட்ட பிறகு நீக்க ஆகிற காலம் அது, தோழர்களே. நமக்கு இன்னும் போடவே இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் பெருங்குடி உள்ளிட்ட நான்கு இடங்களில் 2021-ல் எடுத்தார்கள், நாவலூரில் 2023-ல். அவை மாநில அரசின் கையில் இருந்தவை, எடுக்க முடிந்தது. வேலம்பட்டி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது என்று சொல்லி மாநில அரசில் இருப்பவர்கள் கையைக் கழுவ விடக் கூடாது. நகர எல்லைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற சாவடிகளை எடுக்கச் சொல்லிச் சட்டமன்றத்திலேயே பேசியவர்கள் அவர்கள். பேசியதை ஞாபகப்படுத்துவோம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பூத்தில் கல் விழக் கூடாது. கண்ணாடி ஒன்று உடைந்தால் மறுநாள் பேப்பரில் கண்ணாடி மட்டும்தான் இருக்கும், பத்துக் கிலோமீட்டர் இருக்காது. பூத்தில் உட்காரப் போகிற பிள்ளைகளும் ஒப்பந்தக் கூலிகள்தான். அவர்களிடம் சண்டை வேண்டாம்.

பொங்கல் முடிந்து திரும்பிய பிறகு 19-ஆம் தேதி ஞாயிறு, காலை 7 மணி, கோவில்வழி. வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வாருங்கள், வேலம்பட்டி வரை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகாமல் ஒரே வரிசை. இடதுபுறம் மட்டும். ஆம்புலன்ஸுக்கும் பஸ்ஸுக்கும் வழி விட ஆளுக்கொரு விசிலோடு தொண்டர்கள் நிற்பார்கள். கம்பெனி வேனில் வருகிற அக்காமார் உங்கள் வேன் டிரைவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு லீவு கிடைக்காது என்றால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். பீகார், ஒடிசாத் தோழர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் தனியாக அடித்திருக்கிறோம், லைன் வீடுகளில் கொடுக்க ஆள் தேவை.

அப்புறம், பேட்லாக் தோழரே, வரிசைக்கு முன்னால் இருபது எக்ஸெல் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். பத்தொன்பதுக்குப் பெயர் வந்துவிட்டது.