வயிற்று வலி என்றால் வேஷமா?

காலையில் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். பிள்ளை “வயிறு வலிக்குது” என்கிறான். எந்த வீட்டிலும் முதல் பதில் ஒன்றுதான். “ஏண்டா, இன்னிக்குப் பரீட்சையா?”

பெரும்பாலும் இந்தக் கேள்வி சரியாகவே இருக்கும். பத்து மணி ஆனதும் வலி பறந்துபோகும். பையன் கிரிக்கெட் மட்டையோடு தெருவில் நிற்பான்.

சில பிள்ளைகளுக்கு மட்டும் வலி பறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறது. தீபாவளி அன்றும் வலிக்கிறது. ராத்திரி தூக்கத்தில் எழுந்து பாத்ரூமுக்கு ஓடுகிறான். பாதி இட்லியைப் பிய்த்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறான். போன வருஷம் தைத்த டிரவுசர் இந்த வருஷமும் சரியாக இருக்கிறது. “துணிச் செலவு மிச்சம்” என்று அம்மா சந்தோஷப்படுகிறாள்.

அது சந்தோஷப்படுகிற சங்கதி அல்ல! வளர்கிற வயதில் பிள்ளை வளராமல் நின்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

முதலில் பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். அப்புறம் ஓமத் தண்ணீர். பிறகு தொக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப்போகிறார்கள். பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுகிறாள். மாதங்கள் ஓடுகின்றன. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதையில் துளி எடுத்துச் சோதித்து, டாக்டர் ஒரு பெயரைச் சொல்கிறார். குரோன் நோய்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கேட்டிராத பெயர்!

1932-ல் வைத்த பெயர்

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இருந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற 3 டாக்டர்கள் 1932-ம் ஆண்டில் இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் குரோன் முதலில் வந்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்தக் குடலையே தாக்குகிறது. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரரைக் கடிக்கிற மாதிரி! வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் புண் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். இது தொற்றுநோய் அல்ல. பக்கத்துப் பையன் தாராளமாக டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடலாம்.

நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. குடல் காசநோயும் இதே இடத்தில், இதே மாதிரிதான் வரும். குழாய் விட்டுப் பார்த்தாலும் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் சில பிள்ளைகளுக்கு முதலில் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். “டாக்டர் தப்பாக மருந்து கொடுத்துவிட்டார்” என்று உடனே சண்டைக்குப் போகக் கூடாது. காசநோய் உள்ளே இருக்கும்போது குரோனுக்கான மருந்தைக் கொடுத்தால் காசநோய் தலைவிரித்து ஆடும். டாக்டர் பயப்படுவது நியாயம்தான்.

யார் குற்றம்?

நோயின் பெயர் தெரிந்த அன்றே வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பம்! “பரோட்டா வாங்கிக் கொடுத்தே கெடுத்தே” என்கிறார் அப்பா. “உங்க வம்சத்துல யாருக்கு வயிறு ஒழுங்கா இருந்துச்சு?” என்கிறாள் அம்மா. மாமியார் மருமகளைச் சொல்கிறாள். நடுவில் பிள்ளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. தன்னால்தான் வீட்டில் சண்டை என்று அதற்குப் படுகிறது.

எந்த ஒரு சாப்பாட்டாலும் இந்த நோய் வந்துவிடுவது இல்லை. பிறவியில் வந்த கூறு, குடலில் வாழும் கிருமிகள், சுற்றுப்புறம் எல்லாம் சேர்ந்து வருகிறது என்றுதான் மருத்துவம் சொல்கிறது. விசாரணையை மூடிவிட்டு வைத்தியத்தைப் பார்க்கலாம்.

வைத்தியம் லேசு அல்ல. பல பிள்ளைகளுக்கு முதலில் 6 முதல் 8 வாரம் வரை திரவச் சத்துணவு மட்டும்தான். இட்லி கிடையாது, சோறு கிடையாது. பக்கத்து அறையில் தங்கச்சிக்கு பூரி பொரிக்கிற வாசனை வருகிறது. அந்தப் பிள்ளை டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களுக்கே முடியாத விரதம்! அந்த 2 மாதம் வீட்டில் எல்லோருக்கும் பூரி இல்லை என்றால் யாருக்கும் நஷ்டம் வந்துவிடாது.

ஸ்டீராய்டு கொடுத்தால் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பும். பசங்க கேலி செய்வார்கள். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. இன்பிளிக்சிமாப் என்ற மருந்து நரம்பு வழியாக ஏற்றுவது. முதல் தடவை ஏற்றி 2 வாரம் கழித்து ஒன்று, 6-வது வாரம் ஒன்று, அப்புறம் 8 வாரத்துக்கு ஒரு தடவை. அம்மை ஊசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

நோயை அடியோடு போக்க இன்று மருந்து இல்லை. அடக்கிவைக்க மருந்து இருக்கிறது. இங்கேதான் பல வீடுகள் சறுக்குகின்றன. பிள்ளை 3 மாதம் ஓடியாடி விளையாடினால் “சரியாயிடுச்சு, எதுக்கு விஷம் மாதிரி மருந்து?” என்று நிறுத்திவிடுகிறார்கள். யாரோ ஒரு சூரணம் தருகிறார். வலி இல்லாமலே உள்ளே புண் வளரும். குடல் சுருங்கி அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். புண் இருக்கிறதா என்று அறிய, மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்கிற சோதனை இருக்கிறது. முடிவு சொல்ல வேண்டியது அந்தச் சோதனையும் டாக்டரும்.

வகுப்பில் தூக்கிய கை

இத்தனையும் செய்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கையைத் தூக்க வேண்டும். “சார், பாத்ரூம்.” “இப்பத்தானே போனே? உட்காரு!” வகுப்பே சிரிக்கிறது.

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாது. தண்ணீர் குடிக்காது. வயிறு காலியாக இருந்தால் ஓட வேண்டி வராதே! எடை ஏறவில்லையே என்று அம்மா டாக்டரிடம் அழுகிறாள். வகுப்பறையில் நடப்பது அவளுக்குத் தெரியாது.

அவளும் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ என்று பயம். பெண் பிள்ளை என்றால் ரகசியம் இன்னும் கெட்டி. “நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டாமா?” 10 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணக் கவலை!

சொல்லித்தான் ஆக வேண்டும். தலைமை ஆசிரியர், வகுப்பு ஆசிரியர், விளையாட்டு வாத்தியார் 3 பேருக்கும் டாக்டரின் கடிதத்தோடு சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமும் ஒரு சின்ன அட்டை கொடுக்கலாம். அந்த அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் பிள்ளை எழுந்து போகட்டும். கை தூக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். பரீட்சை ஹாலில் கதவோரம் இடம். போய்வந்த நிமிஷங்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பது. “ஒருத்தனுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்” என்பார் வாத்தியார். கேட்கட்டுமே! பாத்ரூம் போகிறவனைத் தடுத்து எந்தப் பாடம் ஏறப்போகிறது? தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத கழிப்பறை என்றால் அட்டை இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதையும் பள்ளிக்கூடம்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலும் ஒரு மாற்றம் தேவை. விருந்தாளி முன்னால் “இன்னிக்கு எத்தனை தடவை போனே?” என்று உரக்கக் கேட்பதை நிறுத்த வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தால் பிள்ளையே எழுதும். 12 வயதுப் பிள்ளைக்குத் தன் மாத்திரைப் பெயர் தெரிந்திருப்பது நல்லது.

தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் ஆகிறது. வண்டியில் கழிப்பறை கிடையாது. இப்படிப்பட்ட பிள்ளையோடு போகும் அப்பா எந்த ஸ்டேஷனில் இறங்கி ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வருவார். பையில் மாற்று டிரவுசர் இருக்கும்.

கடைத்தெருவில் அதுவும் இல்லை. பல கடைகளில் பின்பக்கம் பாத்ரூம் உண்டு. “ஊழியர்களுக்கு மட்டும்” என்று பலகை தொங்கும். ஒரு அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கேட்டால், எதுவும் வாங்கினாளா இல்லையா என்று பார்க்காமல் முதலாளி சாவியை எடுத்துக் கொடுக்கலாம்.