கொடி வேண்டாம்னு யார் சொன்னா?



எங்கள் தெரு முனையில், பால் பூத்துக்கு எதிரே, ஐந்து கொடிக்கம்பங்கள் இருந்தன. நாலு கட்சி, ஒரு சங்கம். ஒவ்வொன்றுக்கும் அடியில் கலர் அடித்த சிமென்ட் மேடை. ஏற்கனவே குறுகல் தெரு. தண்ணி லாரி நாலு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்பும். அதற்குள் குடத்தோடு நிற்கிற எங்களுக்குக் கால் கடுத்துவிடும். ஸ்கூல் வேன் டிரைவர், 'உள்ளே வர முடியாது, மெயின் ரோட்டுக்கே கொண்டு வந்து விடுங்கம்மா' என்று சொல்லிவிட்டார்.

2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் நிரந்தரக் கொடிக்கம்பங்களை எல்லாம் 12 வாரத்துக்குள் எடுக்கச் சொன்னது. வேடிக்கை என்னன்னா, அது அ.தி.மு.க.காரர்கள் மதுரையில் கம்பம் நட அனுமதி கேட்டுப் போட்ட வழக்கு. கேட்டது ஒரு கம்பம், கிளம்பினது மாநிலம் முழுக்க இருந்த கம்பம்! மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வும் அதே உத்தரவை உறுதி செய்தது. பேப்பரில் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

என்னவர்தான், 'கொடி கட்டறது அவங்கவங்க கருத்துரிமை இல்லையா? நாளைக்கு எதைத்தான் எடுக்கச் சொல்ல மாட்டாங்க?' என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. தேசியக்கொடி வழக்கில், மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது பேச்சுரிமையில் சேர்ந்ததுதான் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 2002-க்கு முன்னால் வருஷம் பூரா தேசியக்கொடி ஏற்ற நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கு அனுமதி கிடையாது. தன் தொழிற்சாலையில் ஏற்றக்கூடாது என்று தடுத்ததால் நவீன் ஜிந்தால் என்பவர் கோர்ட்டுக்குப் போய் வாங்கிய தீர்ப்பு அது. ஆனால் அவர் ஏற்றியது அவர் இடத்தில். ரோட்டை வெட்டி கான்கிரீட் போடவில்லையே!

நம்ம பக்கத்திலேயே பாருங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த 23 வயசுப் பெண் மேல் கல்யாண பேனர் விழுந்தது. தடுமாறி விழுந்த அவள் மேல் தண்ணி லாரி ஏறியது. அது அ.தி.மு.க. பிரமுகர் வீட்டு பேனர். கொடி இல்லை, பேனர்தான். ஆனாலும் ரோடு யாருக்கு என்கிற கேள்வி ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில், தி.மு.க. பிரமுகர் வீட்டு விசேஷத்துக்குக் கொடிக்கம்பம் நட்ட 13 வயசுப் பையன் கரன்ட் கம்பியில் கம்பம் பட்டு இறந்துபோனான். என் மூத்த பையனுக்கும் அந்த வயசுதான். அன்னிக்கு என்னால் சாப்பிடவே முடியவில்லை. 2023 அக்டோபரில் பனையூரில், அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை வீட்டெதிரே நட்ட உயரமான கம்பத்தைப் போலீஸ் எடுக்க, கைகலப்பு, கைது என்று பெரிய கலாட்டா. அதற்குப் பதிலாகப் பத்தாயிரம் கம்பம் நடுவோம் என்று வேறு அறிவித்தார்கள். எந்தக் கட்சியும் இதில் சளைத்ததில்லை.

இதையெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

'உங்களுக்கு என்னக்கா, சொல்வீங்க. எங்க ஊர்ல எல்லாக் கட்சிக் கொடியும் ரோட்டோரமா பறக்கும். எங்காளுங்க ஒண்ணு நட்டா மட்டும் தாசில்தார் வருவாரு, போலீஸ் வரும். அந்தக் கொடி நின்னாத்தான் நாங்களும் அந்த ஊர்க்காரங்கன்னு அர்த்தம்.'

அவள் சும்மா சொல்லவில்லை. 2021-ல் சேலம் மாவட்டம் மோரூரில் விடுதலைச் சிறுத்தைகள் கொடியேற்றப் போனபோது தகராறாகித் தடியடி வரைக்கும் போனது. மற்ற கட்சிக் கொடிகள் அங்கே ஏற்கனவே பறந்துகொண்டுதான் இருந்தன.

'சொந்தப் பட்டா நிலத்துல அனுமதி வாங்கி நட்டுக்கலாமாமே' என்றேன் நான், விடாமல்.

'பட்டா எங்ககிட்ட ஏதுக்கா? இப்ப இருக்கற வாடகை வீட்ல துணி காயப்போடவே ஓனரம்மா நேரம் சொல்றாங்க.'

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நாங்களே பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்தபோது, தேர்தல் சமயம் என்னவர் பால்கனியில் ஒரு சின்னக் கொடி கட்டினார். சாயங்காலமே வீட்டுக்காரர் வந்து, 'வீடு என்னுது, அவிழ்த்துடுங்க' என்றார். என்னவர் ஒரு வார்த்தை பேசாமல் அவிழ்த்தார். அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. சொந்த வீடு வந்ததும் அதை மறந்தே போயிருந்தேன்.

அதனால் ரோட்டில் கம்பம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் எடுத்தால் ஒரே நாளில் எல்லாருடையதையும் எடுக்கணும். ஆளுங்கட்சிக் கம்பத்துக்கு மட்டும் 'அடுத்த வாரம் வர்றோம்' கூடாது. அப்புறம், வார்டுக்கு ஒரு பொது இடம், மைதானமோ சமுதாயக்கூட வாசலோ ஒதுக்கட்டும். கரன்ட் கம்பிக்கு எட்டாத உயரம், எல்லாக் கொடிக்கும் ஒரே அளவு. பட்டா இருப்பவரும் இல்லாதவரும் அங்கே ஏற்றிக்கொள்ளட்டும். பிடிக்காத கொடியைப் பார்க்க நேர்ந்தால் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கும் ரெண்டு கொடி பிடிக்காது. எது என்று சொல்லமாட்டேன், என்னவரோடு சண்டை வரும்!

எங்கள் முனையில் கம்பங்களை அறுத்து எடுத்துவிட்டார்கள். மேடையை இடித்த கல்லை அள்ளவில்லை. தரையோடு அறுத்த ஒரு இரும்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது. போன மாசம் சின்னவன் கால் கிழிந்து ஊசி போட்டு வந்தோம். நாலு கட்சிக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன், 'அது எங்க கம்பம் இல்லைம்மா' என்கிறார்கள். அந்த மேடைமேல் கூடையை வைத்துக் கீரை விற்ற பாட்டி இப்போது வெயிலில் சாக்கடை மூடி மேல் உட்காருகிறார்.

- ஒரு வாசகி, செம்பாக்கம்